கார்மேகத்தின் ஏசி வேலை

கார்மேகத்துக்கு முதுகுளத்தூர் பக்கம் பெண் கொடுத்ததற்கு ஒரே காரணம், மாப்பிள்ளைக்கு துபாயில் ஏசி வேலை என்பதுதான். ஏசி வேலை என்றால் ஏசிக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று பெண் வீட்டார் புரிந்துகொண்டார்கள். கார்மேகம் திருத்தவில்லை. ஊர் ஷார்ஜா என்பதையே திருத்தாதவன் இதையா திருத்தப்போகிறான்?

அவன் பார்ப்பது ஏசி ரிப்பேர். ஏசி குளிரைத் தயாரிக்கிறது என்று நம்புகிற அப்பாவிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: அப்படியெல்லாம் இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பம் மாயமாய் மறைந்துவிடாது. மெஷின் ஓடுகிற சூட்டையும் சேர்த்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும். உள்ளே ஒரு மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு காபி குடிக்க வேண்டுமானால், அவருடைய வெப்பத்தை மேலே யாராவது வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்? கார்மேகம் வாங்கிக்கொண்டான். வரிசையாக ஏசியின் வெளிப்பெட்டிகள் அனலை ஊத, நடுவில் ஸ்பானரோடு நிற்பான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஜூலை மாத ஷார்ஜாக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. இவன் வியர்வையை அது எங்கே வைத்துக்கொள்ளும்? வழிந்து ஷூவுக்குள்தான் இறங்கும்.

நான் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அதாவது, கீழே நிஜமாகவே ஏசியில் உட்கார்ந்துகொண்டு மேலே இருப்பவனை போனில் விரட்டுகிறவன். கல்யாணமான இரண்டாம் மாதமே விமானம் ஏறிவந்த கார்மேகம், ஒருநாள் என்னிடம் வந்து தன் மனைவி நாகஜோதி ஒரு மாத விசிட் விசாவில் வருகிறாள் என்றான். அதுவும் ஜூலையில். எல்லோரும் ஊருக்கு ஓடுகிற மாதத்தில் இங்கே வருகிற டிக்கெட் மலிவாம். ஏன் மலிவு என்று ஐயா யோசிக்கவில்லை. என் குடும்பம் லீவுக்குக் கீழக்கரை போயிருந்ததால், முவைலாவில் இருக்கும் என் வீட்டை அவனுக்கு விட்டுவிட்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் அவனுடைய கட்டிலில் போய்ப் படுத்தேன். அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

அவனுக்கு ஒரே பயம். குட்டு உடைந்தால் அவள் கண்ணில் தன் மதிப்பு போய்விடும் என்று நினைத்தான். உப்புப் பூத்த யூனிபார்மை கேம்பிலேயே கழற்றிப் போட்டு, துண்டால் துடைத்து, பவுடர் பூசி, இஸ்திரிச் சட்டையில் வீட்டுக்குப் போனான். வெயில் என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டிருந்தான்.

அந்தச் சட்டம் குளியலறைக் குழாய்க்குத் தெரியாது. இங்கே கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துப்போய் வரும். பச்சைத் தண்ணீருக்கான நீலக் குழாயைத் திறந்தால் கை சுடும். அதனால் நாங்கள் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஏசி வீட்டுக்குள் தொங்கும் அந்த ஹீட்டருக்குள் தண்ணீர் தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆறிக்கிடக்கும். ஆகவே ஜூலையில் சுடுதண்ணீருக்கு நீலம், பச்சைத் தண்ணீருக்குச் சிவப்பு. இதையாவது அவளிடம் சொல்லிவை என்றேன். கேட்கவில்லை. குழாயைப் பற்றிப் பேசினால் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், அது மொட்டை மாடியில் வந்து நிற்கும் என்றான். அதற்குப் பதிலாக, தினமும் டூட்டிக்குக் கிளம்பும் முன் சிவப்புக் குழாயில் அவளுக்கு இரண்டு வாளி பிடித்து வைத்தான். இப்படியும் ஒரு புருஷனா என்று அவள் பூரித்துப் போயிருந்தாள். புருஷனும் அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கார்மேகம் குளிக்கப் போனான். நாகஜோதி குழம்பை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

“பகலெல்லாம் ஏசியிலயே கெடந்து ஒடம்பு வெறச்சுப் போய் வர்றாங்கண்ணே. இன்னைக்காவது சுடுதண்ணியில குளிக்கட்டும்னு ஹீட்டரைப் போட்டு வெச்சிருக்கேன்.”

நான் எழுந்திருப்பதற்குள் உள்ளே அலறல் கேட்டது. கார்மேகம் துண்டோடு வெளியே ஓடிவந்தான். தோள் முழுக்கச் சிவந்திருந்தது.

“நாள் பூரா மொட்டை மாடியில வெந்துட்டு வர்றேன். வீட்லயும் வேக வெக்கிறியா?”

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. நாகஜோதி ஈரத்துணியை எடுத்துவந்து அவன் தோளில் போட்டாள்.

“ஏசி வேலைன்னுதான சொன்னீங்க?”

“ஏசிகிட்டதான் நிக்கிறேன்.”

“எந்தப் பக்கம்?”

அவள் தினமும் துணி காயப்போடுகிற பால்கனியில்தான் எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி இருக்கிறது. அது ஊதுகிற அனலில் துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று வந்த அன்றே ஆச்சரியப்பட்டவள். மதிப்பு போய்விடும் என்று பயந்தானே, அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்துவிட்டு, “எனக்கு வேணாம்” என்றாள்.

அந்த ஏசியை அணைப்பதால் அவன் நிற்கிற மாடியில் அரை டிகிரிகூடக் குறையாது. பத்தாம் வகுப்பு படித்த எவனும் அதை விளக்கிவிடுவான். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். மூன்று பேரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டோம்.