மதாம் கழற்றி வைத்த கைக்கடிகாரம்

மதாமின் கைக்கடிகாரத்துக்குக் கறுப்புத் தோல்வார். அதில் மூன்றாவது துளை மட்டும் இழுபட்டு நீண்டிருக்கும். அதைக் கழற்றி, முகம் மேலே பார்க்க மேசையில் வைத்தாரென்றால் அவர் காத்திருக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். நான் அதை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் 1988 டிசம்பரில். இரண்டாவது முறை அவர் அப்படிச் செய்திராவிட்டால், பாரிசில் உட்கார்ந்து இதை எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்காது.

ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அப்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மதாம் பாண்டிச்சேரிக்காரர், கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார் என்பதால் அன்று மட்டும் எங்கள் மீன்குழம்புக்கு வருவார். நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்கும் இடத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. "அந்த மனுசி நாங்கள் சொன்னதுக்கு மேலை ஒரு சொல்லும் கூட்டித் தராது" என்பார்கள். கூட்டித் தருகிற இரக்கசாலிகளைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்கு முதல் விசாரணையிலேயே வாய்த்தார். காணாமல் போன தம்பியைக் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று அதிகாரி கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. அந்த மனிதர் மனமிரங்கி, தானே ஒரு பதிலைச் சொல்லிவிட்டார். அது என் கேஸ் பேப்பரில் இருந்ததற்கு நேர்மாறு. பொய்க்காரன் என்று நிராகரித்தார்கள். மேல்முறையீடு டிசம்பர் நடுப்பகுதியில். அதிலும் தோற்றால் என்னைச் சண்டை நடக்கும் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் அன்றைக்கு மதாம் மட்டும் வந்துவிடக் கூடாது என்று நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

விசாரணைக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை, குளிர்பெட்டிக்கு மேலிருந்த தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. பிரெஞ்சு விண்வெளி வீரர் ஒருவர் ரஷ்யர்களின் விண்வெளி நிலையத்துக்குப் போயிருந்தார். அன்று அவரும் ரஷ்யத் தளபதியும் நிலையத்துக்கு வெளியே வந்து, மடித்துக் கட்டிய குழாய்ச் சட்டம் ஒன்றை விரிக்க வேண்டும். பூமியைச் சுற்றியபடியே பெரிய கட்டுமானங்களை எழுப்ப முடியுமா என்பதற்கு அது ஒத்திகை. கடையில் எங்களுக்கெல்லாம் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி'யைத் தாண்டி அதிகம் போகாது. "மதாம், என்ன சொல்லுறாங்கள்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்" என்றார் சமையல்கார அண்ணை. மதாம் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்கினார். வீரர் மூச்சு வாங்கினால், "மூச்சு வாங்குறார்" என்பார். அவர் பாதியில் நிறுத்தினால் மதாமும் பாதியில் நிறுத்துவார். அந்தச் சிறிய கடை பூமிக்கு மேலே போய் நின்றது போல இருந்தது எனக்கு.

சட்டம் விரியவில்லை. கட்டுகளை அவிழ்த்தும், ஆட்டியும் பார்த்தார்கள், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நிலையம் தரையிலிருக்கும் அலைவாங்கிகளின் எல்லையைத் தாண்டிவிட்டது. குரல் அறுந்தது. ஸ்டுடியோவில் இருந்தவர்கள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மதாம் வாயை மூடிக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் நிப்பாட்டிட்டியள்? அவங்கள் கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறாங்கள்?" என்றார் அண்ணை.

"இவங்க இங்க உக்காந்துகிட்டு ஊகமா பேசறாங்க தம்பி. அங்கேருந்து ஒண்ணும் வரல. வந்தா சொல்றேன்."

"சும்மா ஏதாவது சொல்லுங்கோ மதாம். இருக்கேலாமல் கிடக்கு."

"அவரு சொல்லாதத நான் எப்படி சொல்றது? இருங்க."

இருந்தோம். குரல் திரும்பி வந்தபோது சட்டம் விரிந்திருந்தது. கூடப் போன ரஷ்யர் காலால் நாலு உதை விட்டாராம் என்று பிறகு தெரியவந்தது. எங்கள் கடையின் இரும்பு ஷட்டரையும் தினமும் அப்படித்தான் திறக்கிறோம் என்று அண்ணை ஒரு மாதம் பெருமையடித்தார். எனக்கோ மதாமின் முகம்தான் மனதில் நின்றது. அத்தனை பேர் அவசரப்பட்டபோதும், எங்கோ இருளில் இருக்கும் ஒரு மனிதன் தன் வாயால் சொல்லட்டும் என்று அவர் ஒருவர்தான் காத்திருந்தார்.

அடுத்த வாரம் விசாரணை அறைக்குள் நுழைந்தேன். மதாம் உட்கார்ந்திருந்தார். கந்தன் கைவிட்டுவிட்டான் என்று நினைத்தேன். என்னைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. மேசைக்கு அப்பால் இருந்த மூவரில் நடுவில் இருந்தவர் அதே கேள்வியைக் கேட்டார். தம்பியைக் கடைசியாக எங்கே பார்த்தாய்? அதே இடத்தில் நான் மறுபடியும் நின்றுவிட்டேன். அந்த மனிதர் பேனாவை மூடியபடி மதாமிடம், "என்ன சொல்கிறார்?" என்றார். எனக்கு அந்த அளவு பிரெஞ்சு அப்போது புரியும். மதாம் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் முடிக்கவும் இல்லை" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த அமைதியில் என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, இழுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் தம்பியைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனதும், நான் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்ததும், என் அம்மாவிடம்கூடச் சொல்லாததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் அழுத இடத்தில் மதாம் நிறுத்தினார், தொடர்ந்த இடத்தில் தொடர்ந்தார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. சில மாதங்களில் பத்து வருட விசா அட்டை வந்தது. நன்றி சொல்லப் போனேன். "பேசினது நீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மீன்குழம்பில் உப்புக் குறைவு என்றார்.

இப்போது மதாம் பாரிசின் புறநகரான பொபினியில் தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். சொற்கள் அவருக்கு முன்போல உடனே வருவதில்லை. போன ஞாயிறு அவர் தொலைபேசியில் அழைத்தபோது என் மகள் எடுத்தாள். சிறிது நேரத்தில், "அப்பா, லைன் கட்டாகிவிட்டது" என்று பிரெஞ்சில் சொல்லி வைக்கப் போனாள். "வைக்காதை பிள்ளை" என்று பாய்ந்து வாங்கினேன். காதில் வைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. என் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, எதையும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. நேரம் போனது.

"இருக்கீங்களா தம்பி?" என்றார் மதாம்.

"ஓம் மதாம். இஞ்சைதான் இருக்கிறன்."