இடக்கை பேஸ் கிட்டாருக்கு இரண்டு விலை

என்னைப் போன்ற இடக்கைக்காரனுக்குக் கடையில் பேஸ் கிட்டார் கிடைப்பதில்லை. ஓடர் கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும்.

கொழும்பில் ஒருவர் சொல்லும் விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். செங்கலடியில் ஒருவர் அதில் பாதிகூடக் கேட்கவில்லை. யோசித்து யோசித்தே களைத்துப் போனேன்.

இன்று செங்கலடிக்காரரின் பட்டறைக்குப் போனேன்.

"இடக்கைக்குச் செஞ்சதில்ல தம்பி. வலக்கைக்குச் செஞ்சு தாறன், திருப்பிப் புடிச்சு வாசிங்க."

இத்தனை வருடமும் திருப்பிப் பிடித்துத்தான் வாசிக்கிறேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மேல்பக்கம் வந்துவிடும். முன்கை உரசி, பாட்டுக்கு நடுவில் சத்தம் தானாகக் குறையும்.

கொழும்புதான் என்று பஸ்ஸில் முடிவெடுத்து, எங்கள் குழுவின் பாடகனுக்குப் போன் போட்டேன்.

"உனக்கென்னத்துக்குடா புதுசு? போன கிழமை பெரியகல்லாத்துக் கலியாணத்துல நல்லாத்தானே வாசிச்சாய். அந்தக் கிட்டாரே காணும், அதுவே போதும்."

அந்தக் கலியாணத்தில் முதல் பாட்டிலேயே குமிழ் முழுதாகத் திரும்பி, என் சத்தம் நின்றுவிட்டது. சாமான் கட்டும்போதுதான் நானே கண்டேன்.

இப்போது சொல்லுங்கள், எந்த விலைக்கு ஓடர் கொடுக்க?