வாப்பாவுக்குப் போட்ட வாங்கு

யுத்தம் முடிந்த பிறகு நான் கட்டாரிலிருந்து புத்தளத்துக்குத் திரும்பியபோது, வாப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டிருந்தது. மன்னாரில் கடலைப் பார்த்து வளர்ந்த மனுஷன், தொண்ணூறில் எங்கள் சனத்தோடு புலிகளால் துரத்தப்பட்டு இங்கே வந்து, இப்போது நாலு சுவருக்குள் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டு அவரைக் காற்றில் இருத்துவதென்று முடிவெடுத்தேன்.

அந்த நேரம் எங்கள் குடியேற்றத்தின் பழைய பள்ளிவாசலைக் கழற்றி மரத்தை விற்றார்கள். நல்ல முதிரை, விடுவேனா? வாங்கி வந்து ஆணி பிடுங்கி, வெயிலில் காயவைத்து, கறையான் ஏறாமல் தூண்களுக்கு இரண்டு தரம் கழிவு ஒயில் பூசினேன். ஆள் நீளப் பலகை ஒன்றின் நடுவில் ஓட்டை. எந்த மடையன் போட்டானோ என்று திட்டிக்கொண்டே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்து, கால் பூட்டி, வாப்பா இருக்க ஒரு வாங்கு ஆக்கினேன்.

வாப்பா காலையில் அதில் இருந்தால் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். தேத்தண்ணியும் அதில்தான், சோறும் அதில்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் சுகம் விசாரிக்க வந்த, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், போகும்போது என்னைப் படலைக்கு வெளியே கூப்பிட்டார்.

“தம்பி, அது மையத்துக் குளிப்பாட்டுற பலகையெல்லோ. தண்ணி வடியத்தான் நடுவில ஓட்டை. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வித்துட்டானுகள்.”

குடியேற்றத்தில் மௌத்தான அத்தனை பேரின் உடலையும் கிடத்திக் கழுவிய பலகை. அதில் வைத்தா என் வாப்பாவுக்குச் சோறு ஊட்டினேன்? விற்றவர்களைத் திட்டினேன், என்னையும் திட்டினேன். அலவாங்குக் கம்பியோடு கொட்டிலுக்குள் போனேன்.

“எழும்புங்க வாப்பா. இத உடைக்கோணும். இது மையத்துப் பலகை.”

“தெரியும்.”

“எப்பயிலிருந்து?”

“நீ கொண்டுவந்து இறக்கின அண்டைக்கே.”

தெரிந்துகொண்டே மனுஷன் இதில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

“உம்மாவ இதிலதான் கிடத்தினம்,” என்றார் வாப்பா. “நானும் நிண்டு தண்ணி வாத்தன்.”

உம்மா மௌத்தானபோது கட்டாரில் எனக்கு லீவு தரவில்லை. பிறகு வந்து மண் மூடிய கபுறைத்தான் பார்த்தேன். அலவாங்கை நிலத்தில் போட்டேன். வாங்கின் மற்ற முனையில் இருந்துவிட்டேன்.

வாப்பா சுகமான கையை நீட்டி என் தோளைத் தொட்டார்.

“கொஞ்சம் இங்கால அரக்கி இரு மகன். அது உம்மாட தலைமாடு.”