லட்சுமியின் கழுத்து மரு

மருவைப் போக்க மருந்து சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. மருவை வளர்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள், பிரெஞ்சுக்காரர் கிளம்பிப்போன புதுச்சேரியில் நாங்கள் சிலர்தான். சொன்ன பேச்சு கேட்காத எதையாவது வளர்த்துப் பார்த்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

குப்பியில் முளைக்காத பயிர்

சைகோனிலிருந்து ஊர் திரும்பி, என் நாற்பது வயதுகளின் கடைசியில், மாட்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ஆராய்வதற்காக வளர்க்கப் பார்த்தால், மாட்டு மருவை உண்டாக்கும் வைரஸ் கண்ணாடிக் குப்பியில் வளர மாட்டேன் என்றது. உயிருள்ள கன்றின் தோல்தான் அதற்கு வயல். மருவை அரைத்து, வடிகட்டி, லட்சுமி என்ற கன்றின் கழுத்தை லேசாகக் கீறி, சாற்றைத் தேய்த்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

பிரெஞ்சு வழக்கப்படி நாங்கள் 'முசே' என்று கூப்பிடும் மேலதிகாரி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏதாவது பலன் காட்டினால் இந்த அறை உமக்கு. இல்லாவிட்டால் கோழிகளுக்கு."

பூத்தது

ஒரு காலை, கழுத்தில் பூக்கோசு மாதிரி கொத்துக் கொத்தாக மரு! பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதி கத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடினேன்.

மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் நோணாங்குப்பத்து கோவிந்தன் சாணிக்கூடையோடு நின்றுவிட்டான். "மாட்டுக்கு மரு வந்தா அவனவன் அழுவான். நீங்க இன்னாங்க ஐயா, கல்யாண வூடு மாதிரி ஆடுறீங்க?"

உப்பும் மிளகும்

காய்ச்சலில் படுத்துத் திரும்பி வந்தால், லட்சுமியின் கழுத்து மொழுக்கென்று இருக்கிறது! மரு எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மரு கொட்ட வேண்டுமென்று வீராம்பட்டினத்து அம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்திருக்கிறான் கோவிந்தன்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் அசரவில்லை. "உங்களுக்கு மரு வேணும், சரி. லட்சுமிக்கு வேணுமான்னு கேட்டீங்களா?"

ஏறாத சாறு

ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த சாற்றை மறுபடி தேய்த்தேன். லட்சுமி கழுத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. சாறுதான் கெட்டுவிட்டதோ என்று பக்கத்துக் கன்றுக்கும் தேய்த்திருந்தேன். அதன் கழுத்திலோ அமோக விளைச்சல்! அப்போதுதான் உறைத்தது: ஒருமுறை வந்து போன தோலில் வைரஸ் மறுபடி ஏறவில்லை. முசேயைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இரண்டு கழுத்தையும் காட்டினேன். உடம்பே எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது என்றேன்.

"ஆத்தா காவல் இருக்குற கழுத்துல இவுரு சாறு எப்பிடிங்க ஏறும்?" என்றான் கோவிந்தன்.

முசே இரண்டு கழுத்தையும் தடவிப் பார்த்தார். "காரணத்தை நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க. நான் கோழிக்கு வேற இடம் பார்க்கிறேன்."

இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது, கன்றின் கழுத்தில் கத்தியை வைக்கும் முன் கோவிந்தன் எப்போது கோவிலுக்குப் போகிறான் என்று கேட்டுக்கொள்வதைத்தான்.