கண்ணைத் திறந்து ஜெபித்த ஞாயிறு: உத்திரமேரூர் பக்கம் ஒரு காலைப் பயணம்

பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 5.40. எனக்குத் தெரிந்த சைகைகள் 214. ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் நின்று அவற்றைக் கடைசியாக ஒருமுறை செய்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்தர் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளியில் சைகை மொழி கற்றவள். வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட. மெஷின் மேனுவல் படிப்பதற்காக ஜெர்மன் கற்றவன் நான். அக்காவிடம் பேசத்தான் நேரமில்லை. அவளுடைய மூத்த பையனின் ஞானஸ்நானத்தில் பாஸ்டர் கேட்டதற்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். இப்போது மகளுக்கு. "இந்தத் தடவை நான்தான் சொல்லுவேன்" என்று அக்கா மெசேஜ் போட்டாள். மொழிபெயர்க்க ஆள் வந்தால் சரி, இல்லாவிட்டால் மாமியாரே சொல்லட்டும் என்றார் பாஸ்டர். மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போனேன்.

வாலாஜாபாத்துக்கு 6.35. அங்கே இட்லி, டீ 45 ரூபாய். உத்திரமேரூர் பேருந்துக்கு 40 நிமிடம் காத்திருப்பு. ஞாயிறு என்றால் அப்படித்தான். 8.20க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஊருக்கு 6 கிலோமீட்டர், 120 ரூபாய்.

"சர்ச்சுக்கா? அந்த ஊமைப் பொண்ணு வூட்டு விசேஷமா?" என்றார் ஓட்டுநர்.

"ஊமை இல்ல. காது கேக்காது. அவ்ளோதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே நைனா."

"இல்ல."

"சரி வுடு, காலீலயே சூடா கீற."

ஆராதனை 9.30க்கு. சன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்ததில் என் முகம் தெரியவில்லை என்றாள் அக்கா. சுவர்ப் பக்கம் மாறினேன். பாட்டு, வேத வாசகம் இரண்டையும் சைகையில் ஒருவழியாகச் சமாளித்தேன். பிறகு பாஸ்டர் சொன்னார்: "கண்களை மூடி ஜெபம் பண்ணுவோம்."

நான் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டேன். சிறு வயதிலிருந்து வந்த பழக்கம். கை கூப்பினால் மொழி நின்றுவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. பாதி ஜெபத்தில் முழங்கையில் அடி விழுந்தது. எதிரே அக்கா. பின்னாலிருந்து அவள் மாமியாரின் குரல்:

"பாத்தியா தம்பி? ஜெபத்துல எப்பவும் இப்பிடித்தான் கண்ண தொறந்துகினு கீறா. இதுக்குத்தான் போன தடவ நானே பதில் சொன்னேன்."

"அத்தை, கண்ண மூடினா அவளுக்கு ஜெபம் எப்பிடிங்க தெரியும்?"

நான் பாஸ்டரிடம் திரும்பினேன். "முதல்லேர்ந்து பண்ணுங்க."

"முழுசாவா? லேட்டாயிடும்பா."

"ஆகட்டும்."

மறுபடி ஜெபித்தார், மெதுவாக. அக்காவும் நானும் கண்ணைத் திறந்தே இருந்தோம்.

கேள்விகள் வந்தன. அக்காவின் கணவர், என் மாமா, தன் பதிலைச் சொல்லி முடித்தார். அடுத்து அக்கா. குழந்தையைத் தாய்தான் ஏந்தி நிற்க வேண்டும் என்பது அந்தச் சபை வழக்கம். அவள் கைகள் இரண்டும் குழந்தையிடம். எதை வைத்துப் பேசுவாள்? நான் விழித்தேன். அவள் விழிக்கவில்லை. நேராகப் போய் மாமியார் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அவள் கை சொன்னதை நான் உரக்கச் சொன்னேன்: "விசுவாசிக்கிறேன். இவளுக்குக் கைமொழியும் கத்துக்குடுப்பேன்."

"ரெண்டாவதா சொன்னது கேள்வியிலயே இல்லியே," என்றார் பாஸ்டர்.

"பதில்ல கீதே," என்றார் மாமியார், குழந்தையை ஆட்டியபடி.

இதேபோல் மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு: ஆராதனை வரிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சன்னலுக்கு முன் நிற்காதீர்கள். யார் கண்ணை மூடச் சொன்னாலும் மூடாதீர்கள். திரும்பும் பேருந்து மதியம் 1.15, விட்டால் 3 மணிதான்.

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. மாதம் ஒரு ஞாயிறு இங்கே வருவது.
2. மாமாவுக்கும் அத்தைக்கும் தினம் ஐந்து சைகை, வீடியோ காலில். அத்தை முதலில் கேட்டிருப்பது "சாப்ட்டியா".
3. மூத்தவனுக்காகத் தன் பெயரில் அன்று என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. பாஸ்டரிடம் அந்தக் கேள்வி-பதில் பக்கத்தை வாங்கி, வரி வரியாக அவளுக்குக் காட்டுவது.