கரடி விட்ட கதை

சுவிஸில், லோசான் நகரில், எங்கள் தமிழ்ப் பெற்றோருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. பிள்ளை டொக்டரானால் போதும். என் மகளும் ஆகிக்கொண்டுதான் இருந்தாள். என்ன, அவளுடைய நோயாளிகள் வடதுருவத்தில் இருந்தார்கள். பனிக்கரடிகள்.

பனிக்கரடியின் ஈரலில் விற்றமின் ஏ குவிந்து கிடக்கும். மனிதர் அதைத் தின்றால் சாகலாம். கரடிக்கு ஒன்றும் ஆகாது. அந்த விற்றமின் இரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் எப்படிப் போகிறது, நாம் காற்றிலும் கடலிலும் கலந்துவிட்ட நஞ்சு அதைக் குழப்புகிறதா என்பதுதான் அவளுடைய டொக்டர் பட்ட ஆராய்ச்சி.

கோயிலில் ஒரு அக்கா கேட்டார்: "சனிக்கிழமைப் பார்ட்டிகளில எங்கட ஆம்பிளையளின்ர ஈரல் கருகுது. அதைப் பாக்க ஆளில்லை, கரடியின்ர ஈரலோ?"

"கரடி குடிக்கிறேல்லை அக்கா. ஆராயிறது லேசு."

இரத்தம் எடுக்கும் முறையையும் மகள் அன்போடு விளக்கியிருந்தாள். ஹெலிகொப்டரிலிருந்து மயக்க ஊசி சுடுவார்கள். கரடி சாய்ந்ததும் இவள் போய்ப் பக்கத்தில் முழந்தாளிடுவாள். பெற்றவளுக்கு அதன்பிறகு நித்திரை எப்படி வரும் என்பதை மட்டும் யாரும் ஆராயவில்லை.

ஏப்ரலில் அங்கிருந்து தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, இண்டைக்குக் கரடி விட்டனாங்கள்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். கரடி விடுவதென்றால் புளுகுவது என்று இங்கே பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"ஆருக்கு விட்டனீங்கள்? புரொபெசருக்கோ?"

"இல்லையப்பா. இரத்தம் எடுக்கேக்கையே தலையைத் தூக்கிட்டுது. எல்லாத்தையும் போட்டிட்டு, அதை விட்டிட்டு ஓடினம்."

"சும்மா கரடி விடாதை பிள்ளை."

"விடாம என்னப்பா செய்யிறது? அதின்ர மூச்சு என்ர கையில பட்டது."

அவள் குரல் உடைந்தது. இவருடைய சிரிப்பு நின்றது. நான் தொலைபேசியைப் பறித்தேன். அவள் அழுதாள்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முழுதாகத்தான் திரும்பி வந்தாள். வந்த கிழமையே, அடுத்த வசந்தத்திலும் போகவேண்டும் என்றாள். நான் படித்த தாய். விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்கலாமா?

"அங்க காவலுக்கு ஆரும் துவக்கோட நிப்பினமோ?"

"ஓம் அம்மா. ஒராள்."

துவக்குகளுக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவள் நான்.

"ரெண்டு பேரை நிக்கச் சொல்லு," என்றேன். "நல்லாச் சுடத் தெரிஞ்ச ஆக்களா. அப்பிடியெண்டாப் போ."