கட்டியக்காரன் பேசிய இங்கிலீஷ்

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கடைத்தெருவுக்குக் கிளம்பிய நான், போன வாரம் சத்திரத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கூத்துக்காரர்கள் முகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அரிதாரமும் தேங்காயெண்ணெயும் குழைந்த அந்த வாசனை இருக்கிறதே, அது ஆளைப் பிடித்து இழுத்துவிடும். கண்ணாடி இன்னும் சரியாகவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்காருபேட்டையில் என்னை ரயில்வே குமாஸ்தா என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் தங்கவயலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன் என்றால் என் மருமகளே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆண்டர்சன்பேட்டைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம், கழுத்தை இறுக்கும் இரவல் கோட்டு, வகுப்பு நிறைய சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் பிள்ளைகள். பெரிய வகுப்பு வேறு. சில பையன்களுக்கு என்னைவிட நல்ல மீசை.

பாடப்புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடுவான். எங்கள் பிள்ளைகள் பார்த்த பனிக்கட்டி, துரைமார் கிளப்புக்கு மரத்தூளில் புதைத்து வருவதுதான். "அதும்மேல இன்னாத்துக்கு சார் ஓடறான்?" என்றார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? புத்தகத்தை மூடிவிட்டு, கிளப்பில் படித்துப் போட்ட மதராஸ் பேப்பரைக் கேட்டு வாங்கிவந்தேன். அன்றிலிருந்து பேப்பர்தான் பாடம்.

படித்தார்கள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் ஊமையானார்கள். எல்லாரும் வட ஆற்காட்டுக் குடும்பங்கள், கூத்து என்றால் சோறு வேண்டாம். சரி என்று சனிக்கிழமைகளில் ஒருவனை ராஜாவாகவும் ஒருவனைக் கட்டியக்காரனாகவும் நிறுத்தினேன். 'நாட்டில் என்ன செய்தி?' என்று ராஜா இங்கிலீஷில் கேட்பான், கட்டியக்காரன் அந்த வாரத்துச் செய்தியை இங்கிலீஷிலேயே அவிழ்த்துவிடுவான். கூத்தில் ராஜா வருகையை அறிவிக்கிற கோமாளி அவன். ஊர் நாட்டாண்மையையே கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. "மனப்பாடம் பண்ணா அவன் கட்டியக்காரன் இல்லடா, வாயில வர்றதச் சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தது சாட்சாத் நான்தான்.

அதில் முனிரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. ஒல்லிப் பையன், வாய் மட்டும் நீளம்.

பரிசளிப்பு விழாவில் எங்கள் சனிக்கிழமைக் கூத்தும் உண்டு, ஒரு சுரங்கத்து சூப்பிரண்டு துரை தலைமை. அந்தச் சுரங்கத்தில்தான் முனிரத்தினத்தின் அப்பாவும் வேலை செய்தார். அந்த வாரம்தான், சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்களைத் தங்கத்துக்காகச் சோதனை போடும் வாட்சுமேனிடம் ஒரு தொழிலாளி எதிர்த்துப் பேசிவிட்டார். மத்தியானத்துக்குள் சீட்டுக் கிழிந்தது. கம்பெனி வீடல்லவா, சட்டி பானையெல்லாம் லைன் வீடுகளுக்கு நடுவே சந்தில் கிடந்தன. அவர் மனைவி ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றதை வகுப்பே பார்த்தது. அதனால் பையன்களிடம் மழையையும் புதிதாக வந்த மின்சார விளக்கையும் பற்றி மட்டும் பேசச் சொல்லியிருந்தேன்.

முனிரத்தினம் அரிதாரம் பூசி வந்தான். மழையைச் சொன்னான், துரை புன்னகைத்தார். விளக்கைச் சொன்னான், தலையாட்டினார். ராஜா வேஷக்காரன், 'விளக்கு எதற்கு?' என்று கேட்டான். அது ஒத்திகையில் இல்லாத கேள்வி.

அவன் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "மகாராஜா, என் அப்பன் வாய்க்குள்ளே தங்கம் இருக்கிறதா என்று நன்றாகப் பார்ப்பதற்கு. நேற்று விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். பல்லிடுக்கில் ராத்திரி தின்ற களி இருந்தது. அதை மட்டும் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்."

ஒரு பிழை இல்லை. ஒரு தடுமாற்றம் இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

துரையின் முகம் சிவந்தது. மெதுவாக, தெளிவாகக் கேட்டார்: "உன் அப்பன் பெயர் என்ன?"

பாவிப் பையனின் முகம் மலர்ந்துவிட்டது. கூத்தில் கட்டியக்காரன் பேச்சு பிடித்துப்போனால், இன்னார் மகன் இன்னாருக்கு என்று அப்பன் பெயரோடு கூவித்தானே வெகுமதி கொடுப்பார்கள்? அதுதான் என்று நினைத்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி, பெயரைச் சொல்ல மூச்சை இழுத்தான். எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது அந்தக் கோழி.

பாய்ந்து முன்னால் போய் நின்றேன். "நான் எழுதிக்கொடுத்தது, ஐயா. அவனுக்கு அர்த்தம்கூடத் தெரியாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார். அப்படி நம்பியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றைக்கே எனக்கு வேலை போயிற்று. அவன் அப்பா பெயர் யார் வாயிலும் வரவில்லை. நான் மூட்டையைக் கட்டியபோது முனிரத்தினம் வாசலில் வந்து நின்றான். முகத்தைக் கழுவியும் காதோரம் அரிதார மஞ்சள் போகவில்லை. "நான் பேசினத நீங்க எழுதினதுன்னு சொல்லிட்டீங்களே சார்" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

பல வருஷம் கழித்து இதே பங்காருபேட்டை ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். சுரங்கத்தில் இறங்கிக் கை காய்த்துப்போயிருந்தது. சந்தோஷத்தில் இங்கிலீஷில் நலம் விசாரித்தேன். "நல்லா கீறேன் சார், நீங்க?" என்றான். மறுபடி இங்கிலீஷில் கேட்டேன், மறுபடி தமிழ்.

"உன் இங்கிலீஷ் எங்கடா போச்சு?"

"அத்த நீங்கதான எடுத்துனு பூட்டீங்க சார்" என்று சிரித்தான். பழைய கட்டியக்காரச் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்தத் தகரக் கூரைப் பள்ளிக்கூடம் இல்லை. அதன்மேல், தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேடாகக் குவிந்து கிடக்கிறது. சனிக்கிழமைக் கூத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை. முனிரத்தினமும் நெஞ்சுச்சளி முற்றிப் போய்ச்சேர்ந்துவிட்டான். அந்தக் களிப் பேச்சை நான் வீட்டில் இங்கிலீஷில் சொல்லிக்காட்டுவதுண்டு. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "முனிரத்தினம் சொன்னதுடா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். "சும்மா இரு தாத்தா, நீயே இட்டுக்கட்டினது" என்கிறார்கள்.